அகரவரிசை மாறினால் தரவு தொலையும்

போஸ்ட்கிரெஸ் என்னும் கட்டற்ற தரவுத்தள மென்பொருள் ஆண்டுக்கொரு பெரும்பதிப்பை வெளியிட்டு, ஒவ்வொன்றுக்கும் 5 ஆண்டுகள் மட்டுமே பிழைதிருத்தங்களை வழங்குகிறது. ஆதரவுக் காலம் முடியப்போகும் தறுவாயில் பதிப்பை உயர்த்த முனையும் நிறுவனங்கள், அதே மூச்சில் சர்வரையும் அதில் ஓடும் லினக்ஸையும் புதிதாக்கிவிடுகின்றன. ஆபத்து பெரும்பாலும் தரவுத்தளத்தில் இல்லை, அதற்கு அடியில் இருக்கிறது.

தரவுத்தளம் ஒரு பெயரைத் தேடும்போது கோடிக்கணக்கான வரிகளையும் புரட்டுவதில்லை. இண்டெக்ஸ் எனப்படும், ஏற்கெனவே வரிசைப்படுத்தி வைத்த அடைவில் நேராக உரிய இடத்துக்குப் போகிறது. எந்த எழுத்துக்குப் பின் எது வரும் என்பதைப் போஸ்ட்கிரெஸ் வழக்கமாகத் தானே முடிவுசெய்யாமல், லினக்ஸின் அடிப்படை நூலகமான ஜிலிப்சியிடம் கேட்டுக்கொள்கிறது. 2018 ஆகஸ்டில் வெளிவந்த ஜிலிப்சி 2.28 இந்த வரிசையையே மாற்றியது: அதுவரை ஆங்கில அமைப்பில் ‘11’ முன்னும் ‘1-1’ பின்னும் நின்றன, அதன்பின் ‘1-1’ முன்னே வந்துவிட்டது. டெபியன் 10, ரெட் ஹேட் 8 ஆகியவற்றுக்கு மாறிய சர்வர்கள் அனைத்தும் இந்த எல்லையைக் கடந்தவையே.

மரபான தமிழ் அகராதிகளில் ஜகரம் னகரத்துக்குப் பின் வருகிறது; ஒருங்குறி அட்டவணையிலோ சகரத்துக்கும் ஞகரத்துக்கும் இடையில் இருக்கிறது. ஒரு வரிசையில் அச்சான அகராதியை மற்ற வரிசையை நம்பித் தேடுபவருக்கு ‘ஜன்னல்’ அதில் இருந்தும் அகப்படாது. பழைய வரிசையில் அமைந்த இண்டெக்ஸைப் புதிய நூலகத்தைக் கொண்டு தேடும் சர்வருக்கும் இதே கதிதான். பிழைச்செய்தி எதுவும் வராது. இருக்கும் உறுப்பினர் எண் ‘இல்லை’ என்று பதில் வரும், அதை நம்பி அதே எண் இரண்டாம் முறையும் பதிவாகும். சர்வர் அடியோடு நின்றுபோவதைவிட இது கொடியது, ஏனெனில் வாரக்கணக்கில் எவர் கண்ணிலும் படாமல் பெருகக்கூடியது.

தரவை உரையாக வெளியே எடுத்துப் புதிய சர்வரில் மீண்டும் ஏற்றும் முறையில் இண்டெக்ஸ்கள் புதிதாகக் கட்டப்படுவதால் இந்தச் சிக்கல் எழுவதில்லை, ஆனால் பெரிய தரவுத்தளத்துக்கு அதற்கு நெடுநேரம் ஆகும். அதைத் தவிர்க்கவே பலர் பிஜி-அப்கிரேடு கருவியை நாடுகின்றனர். அது பயனர் தரவுக் கோப்புகளையும் இண்டெக்ஸ் கோப்புகளையும் அப்படியே எடுத்துக்கொள்வதால், பழைய வரிசையும் கூடவே வந்துவிடுகிறது. 15ஆம் பதிப்பு முதல் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் வரிசைப் பதிப்பைக் குறித்துவைத்து, முரண் கண்டால் எச்சரிக்கிறது. அதற்கு முந்தைய பதிப்பிலிருந்து வருபவர்கள் ஜிலிப்சி எண்களைத் தாங்களே ஒப்பிட வேண்டும். எண்கள் 2.28-இன் இருபுறமும் விழுந்தால், உரை வகை இண்டெக்ஸ்களை மீளக் கட்டுவதற்கான நேரத்தையும் சேவை நிறுத்தக் கணக்கில் சேர்த்தாக வேண்டும். அந்த நேரம் எவ்வளவு என்பதை உண்மைத் தரவின் நகலில் ஒத்திகை பார்த்தே அறிய முடியும்.

அதே ஒத்திகையில் திரும்பும் வழியையும் சோதிப்பது நல்லது. பிஜி-அப்கிரேடின் இணைப்பு முறையில் பழைய பதிப்பும் புதிய பதிப்பும் ஒரே கோப்புகளையே பகிர்வதால், புதிய பதிப்பை ஒருமுறை இயக்கிவிட்டால் பழையதை மீண்டும் பாதுகாப்பாக இயக்க இயலாது. அதன்பின் எஞ்சியிருப்பது பேக்கப் ஒன்றுதான்.