தேதி சொன்னவரும் காத்திருந்தவரும்

2016-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் ஜெர்மனியின் கொலோன் நகரில் கேம்ஸ்காம் என்னும் கணினி விளையாட்டுக் கண்காட்சி நடைபெற்றது. அங்கே கிறிஸ் ராபர்ட்ஸ் என்னும் வடிவமைப்பாளர், 'ஸ்டார் சிட்டிசன்' என்ற தமது இணைய விண்வெளி விளையாட்டின் அடுத்த புதுப்பிப்பை மேடையில் இயக்கிக் காட்டினார். விண்வெளி நிலையம் ஒன்றிலிருந்து கலம் புறப்பட்டது. வெளியைக் கடந்து ஒரு கோளை நெருங்கியது. இடையில் திரை ஒருமுறையேனும் மறையாமல் அக்கோளின் தரையிலேயே இறங்கி நின்றது. பார்த்தவர்கள் வியந்தனர். 3.0 என எண்ணிட்ட அப்புதுப்பிப்பை அவ்வாண்டு இறுதிக்குள் வெளியிடுவதே தம் எண்ணம் என அவர் கூறினார்.

அது அனைவர் கைக்கும் வந்து சேர்ந்தது 2017 டிசம்பர் 23 அன்று. சொன்ன காலத்திற்கும் வந்த காலத்திற்கும் இடையே முழுதாக ஓராண்டு கழிந்திருந்தது.

விளையாட்டு ஒன்று தாமதமாயிற்று என்பதற்கு ஒரு கட்டுரையா என வாசகர்கள் வினவக்கூடும். வினா நியாயமானதே. ஆயினும் அந்த ஓராண்டில் வாக்குக் கொடுத்தவருக்கும் காத்திருந்தவருக்கும் இடையே நிகழ்ந்தவை, வாக்கும் பணமும் கைமாறுகின்ற எல்லா இடங்களுக்கும் பொருந்துவன. ஆகவேதான் அதனைச் சற்று விரிவாக நோக்குகிறோம்.

முன்பணம் தந்தோர்

இணைய விண்வெளி விளையாட்டு என்பது தனியொருவர் தம் அறையில் ஆடி முடிக்கும் விளையாட்டன்று. பல நாடுகளில் இருப்போர் இணையம் வழியே ஒரே கற்பனை அண்டத்தினுள் நுழைகின்றனர். அங்கே சரக்கு ஏற்றிச் செல்வோரும் உண்டு, வாணிகம் செய்வோரும் உண்டு, போரிடுவோரும் உண்டு. அந்த அண்டம் ஒரே நாளில் கட்டி முடிக்கப்படுவதில்லை. பகுதி பகுதியாகவே வெளியிடப்படுகிறது. அவ்வாறு வரும் ஒவ்வொரு பகுதியையும்தான் இளைஞர்கள் 'அப்டேட்' என்கின்றனர்.

கிறிஸ் ராபர்ட்ஸ் 1990-இல் வெளிவந்த 'விங் கமாண்டர்' விளையாட்டினால் புகழ் பெற்றவர். 2012 அக்டோபரில் ஸ்டார் சிட்டிசனை அறிவித்தபோது, பெரிய வெளியீட்டு நிறுவனத்தை நாடாமல் ஆட்டக்காரர்களிடமே முன்பணம் கேட்டார். நவம்பர் மாதத்திற்குள் 60 இலட்சம் டாலருக்கு மேல் திரண்டது. விளையாட்டு 2014 நவம்பரில் தயாராகும் என்பது அன்றைய மதிப்பீடு. திரண்ட தொகை 2015 டிசம்பரில் 10 கோடி டாலரையும், 2022-இல் 50 கோடி டாலரையும் கடந்தது.

இத்தொகையில் பெரும்பகுதி விண்கலங்களை விற்றதனால் வந்தது. அவற்றுள் பல, விற்கப்பட்ட நாளில் ஓவியமாக மட்டுமே இருந்தவை. 2018-இல், ஏறத்தாழ எல்லாக் கலங்களும் அடங்கிய தொகுப்பு ஒன்று 27,000 டாலர் விலையில் முன்வைக்கப்பட்டது என்றால் நிலைமையை ஊகித்துக்கொள்ளலாம்.

எனவே 3.0-க்காகக் காத்திருந்தோர் வெறும் வேடிக்கை பார்ப்போர் அல்லர். அவர்கள் பொருள் கொடுத்தவர்கள். பொருளை முன்னதாகவே பெற்றுக்கொண்டவரிடம் அது ஓர் அமானிதம் போன்றது. காத்திருப்பின் தன்மையே இங்கு மாறிவிடுகிறதல்லவா?

பிழைகளை எண்ணிய மாதங்கள்

2016 டிசம்பர் வந்தது. 3.0 வரவில்லை, அதற்கு மாறாக 2.6 என்னும் சிறிய புதுப்பிப்பே வந்தது. 2017 ஏப்ரலில் நிறுவனம் 3.0-க்கான வேலைத் திட்ட அட்டவணையைப் பொதுவில் வெளியிட்டு, வாரந்தோறும் அதனைத் திருத்தி வந்தது. ஜூன் இறுதி என்றிருந்த இலக்கு ஜூலைக்குச் சென்றது. பின்னர் ஆகஸ்டுக்குச் சென்றது. அதன் பின்னும் தள்ளிப்போயிற்று.

ஆகஸ்ட் இறுதியில் 'பர்ன்டவுன்' என்னும் வாராந்தரக் காணொளித் தொடர் தொடங்கியது. வெளியீட்டிற்கு முன் களைய வேண்டிய பிழைகள் இன்னும் எத்தனை என்பதே அதன் பொருள். ஆட்டக்காரர்கள் அவ்வெண்ணைத் தேர்வு முடிவு பார்ப்பதுபோல் பார்த்தனர். ஒரு வாரம் எண் குறையும், மகிழ்ச்சி பிறக்கும். அடுத்த வாரம் ஏறிவிடும், ஏமாற்றம் சூழும்.

உழைக்கின்றபோது பிழை குறையத்தானே வேண்டும், எவ்வாறு பெருகும்? பழைய வீட்டில் ஒரு குழாயைச் செப்பனிடப் போய், அடைப்பு நீங்கிய வேகத்தில் வேறோரிடம் ஒழுகக் கண்ட இல்லத்தரசியருக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. 3.0 புதுப்பிப்பு செலின், டேமார், யேலா என்னும் மூன்று நிலவுகளைக் கொண்டுவந்தது. கலம் எங்கு வேண்டுமாயினும் தரையிறங்கலாம். ஆட்டக்காரர் இறங்கி நடக்கலாம். சரக்கு வாங்கி விற்கலாம். கதவும் இருக்கையும் இயந்திரமும் இயங்கும் முறை அடியோடு மாற்றியமைக்கப்பட்டது. இவை யாவற்றின் நிலையையும் ஒவ்வோர் ஆட்டக்காரரின் கணினிக்கும் நொடிதோறும் தெரிவிக்கும் சுமை சர்வர் மீது விழுந்தது. ஒன்றைத் தொட்டால் மற்றொன்று அசைந்தது. ஆகவே தாமதத்திற்குச் சோம்பல் காரணமென்று கூறுவது நியாயமாகாது.

அக்டோபரில் 'எவோகாட்டி' எனப்படும் சிறு சோதனைக் குழுவினருக்கு மட்டும் 3.0 திறந்துவிடப்பட்டது. தாம் கண்டதை வெளியில் சொல்லக்கூடாதென்பது அவர்களுக்கு விதி. பின்னர் படிப்படியாகப் பிறருக்கும் வாயில் திறந்தது. உள்ளே சென்றவரைப் பார்த்துக்கொண்டு வெளியே நிற்பதற்கு, எவருமே உள்ளே செல்லாதபோது நிற்பதைவிடப் பொறுமை மிகுதியாக வேண்டும். டிசம்பர் 23 அன்று அக்காத்திருப்பு முடிவுற்றது.

வாய் மூடி உழைத்தவர்

இதற்கு நேர்மாறான நிகழ்ச்சி இங்கிலாந்தின் கில்ட்ஃபோர்டு நகரில் நடந்தது. ஹலோ கேம்ஸ் என்னும் சிறு நிறுவனம் 'நோ மேன்ஸ் ஸ்கை' என்ற விண்வெளி விளையாட்டை 2013 டிசம்பரில் அறிவித்தது. அதிலுள்ள கோள்களின் எண்ணிக்கையை எழுதினால் 20 இலக்கம் வரும். அவ்வாண்டு கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் வெள்ளம் புகுந்து அந்நிறுவனத்தின் கருவிகள் பல பாழாயின. எனினும் பணி தொடர்ந்தது.

2016 ஜூன் 21 வெளியீட்டு நாள் எனக் குறிக்கப்பட்டது. மே இறுதியில் அது ஆகஸ்டுக்குத் தள்ளி வைக்கப்பட்டபோது தமக்குக் கொலை மிரட்டல்கள் வந்ததாக நிறுவனர்களுள் ஒருவரான ஷான் மர்ரே தெரிவித்தார். தாமதச் செய்தியை முன்னதாக எழுதிய பத்திரிகையாளரும் மிரட்டலுக்கு ஆளானார். ஏழு வாரத் தாமதம். அதுவும் ஒரு விளையாட்டு! அதற்காக மற்றொரு மனிதரின் உயிரைப் பற்றிப் பேசத் துணிந்த நாவுகளை என்னென்பது?

ஆகஸ்டில் விளையாட்டு வந்தது. சொல்லப்பட்டவற்றுள் பல அதில் இல்லை. ஒரே இடத்திற்கு ஒரே நேரத்தில் வந்து நின்ற இரு ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் காண இயலவில்லை. கண்டனம் பெருகியது. நிறுவனமோ ஏறக்குறைய முற்றிலும் மௌனமாயிற்று. அடுத்த புதுப்பிப்பு என்று வரும், வருமா என்பதைக்கூட எவரும் அறியார். நவம்பர் இறுதியில் 'ஃபவுண்டேஷன்' என்னும் புதுப்பிப்பு வந்தது. பின்னர் ஒன்றன்பின் ஒன்றாக, கட்டணமின்றி, பல வந்தன. 2018 ஜூலையில் வந்த 'நெக்ஸ்ட்' புதுப்பிப்பில் ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் முழுமையாகக் கண்டு இணைந்து ஆடும் வசதி கிடைத்தது. 2019-இல் ஆட்டக்காரர்கள் தமக்குள் பணம் திரட்டி, அந்நிறுவனத்தின் அலுவலகத்தருகே நன்றி கூறும் விளம்பரப் பலகை ஒன்றை வைத்தனர். மிரட்டல் வந்த அதே நகருக்கு, மூன்றாண்டில் நன்றியும் வந்தது.

மதிப்பீடும் வாக்குறுதியும்

ஒருவர் தேதிகளை அடிக்கடி சொன்னார். மற்றவர் சொல்லாமலே இருந்தார். எது சிறந்தது?

மௌனமே சிறந்ததென முடிவு கட்டிவிடலாகாது. பணம் கொடுத்தவருக்கு வேலையின் நிலையை அறியும் உரிமை உண்டு. அம்மூன்று மாத மௌனத்தில் வாங்கியவர்கள் ஏமாற்றப்பட்டோம் என்றே எண்ணினர். அவ்வாறு எண்ணியதில் வியப்பில்லை. ஸ்டார் சிட்டிசன் நிறுவனம் தன் பிழைகளையே எண்ணிக் காட்டியது பாராட்டத் தக்கது. அதன் குறை வேறிடத்தில் இருந்தது. ஊகத்தை ஊகமென்று அழுத்திச் சொல்லாமல், மேடையின் ஆரவாரத்திற்கிடையே சொல்லியதே அக்குறை.

பட்டறிவு அவர்களையும் திருத்தியது. 2018 முதல் மூன்று மாதத்திற்கொரு புதுப்பிப்பு என முறையை மாற்றினர். ஆயத்தமானது அக்காலத்தில் வரும். ஆயத்தமாகாதது அடுத்ததற்குப் போகும். பின்னர் 2022 பிப்ரவரியில், தம் மதிப்பீடுகளைச் சிலர் வாக்குறுதிகளாகவே கொள்கின்றனர் எனக் குறைகூறி, தொலைவிலுள்ள புதுப்பிப்புகளின் விவரங்களை அட்டவணையில் காட்டுவதை நிறுத்தினர்.

இக்கூற்றில் பாதி உண்மை உண்டு. மறுபாதியை நம் அனுபவமே சொல்லும். பெருநாளுக்கு இரண்டு நாள் முன்னதாகத் துணியைத் தந்துவிடுவதாகத் தையற்காரர் சொல்கிறார். அவர் பொய் சொல்ல எண்ணவில்லை. முடித்துவிடலாம் என்றே நம்புகிறார். ஆனால் கூலியைக் கையில் வாங்கிக்கொண்டே அதனைச் சொல்கின்றபோது, கேட்பவருக்கு அது மதிப்பீடன்று, வாக்கு. பெருநாள் காலையில் பழைய சட்டையுடன் நிற்கும் சிறுவனிடம் மதிப்பீட்டுக்கும் வாக்குக்கும் உள்ள வேறுபாட்டை விளக்கிப் பயனென்ன? வேறுபாட்டை முன்னரே சொல்லும் கடமை சொல்பவருடையது.

கேட்பவருக்கும் கடமை உண்டு. பொருள் வாங்குமுன், கையில் கிடைப்பது எது, பின்னர் வருமென்பது எது எனப் பிரித்துப் பார்க்க வேண்டும். இன்று இல்லாத ஒன்றிற்கு இன்றே விலை கொடுப்பதாயின், அது வராமலே போனாலும் தாங்கக்கூடிய அளவே கொடுக்க வேண்டும். தாமதமானால் கணக்குக் கேட்கலாம், வன்மையாகவும் கேட்கலாம். ஆனால் கேள்வி செயலைப் பற்றியதாக இருக்க வேண்டுமேயன்றி, செய்தவரின் உயிரையோ மானத்தையோ தீண்டுவதாக இருத்தல் கூடாது.

பெற்றோரே! உங்கள் மகனோ மகளோ அடுத்த 'அப்டேட்' எப்போது வருமென்று கைப்பேசியையோ கணினியையோ பார்த்துக்கொண்டிருந்தால், உடனே கடிந்துகொள்ளாதீர்கள். அருகில் அமர்ந்து மூன்று கேள்விகள் கேளுங்கள். தேதியைச் சொன்னவர் யார்? உறுதியாகச் சொன்னாரா, உத்தேசமாகச் சொன்னாரா? நீ ஏதேனும் பணம் கொடுத்திருக்கிறாயா? இம்மூன்றிற்கும் விடை தேடப் பழகும் பிள்ளை, நாளை வீட்டுமனைக்கு முன்பணம் கொடுக்கும்போதும், தான் ஒரு வேலையை ஒப்புக்கொண்டு நாள் குறிக்கும்போதும் அதே கேள்விகளை மறவாமல் கேட்கும்.