எந்தத் தெரு?

பட்டணத்தில் உத்தியோகம் கிடைப்பது அதிர்ஷ்டம், ஜாகை கிடைப்பது பூர்வ புண்ணியம் என்று என் பாட்டனார் சொல்வதுண்டு. சென்ற வருஷம் சென்னைப் பள்ளிக்கூடம் ஒன்றில் எனக்கு வேலையான பிறகுதான் அந்த வாக்கின் உண்மை விளங்கிற்று. கும்பகோணத்துக்கு அருகே திண்ணையும் முற்றமும் கிணறுமாக இருந்த வீட்டில் பிறந்து வளர்ந்தவன் நான். வீடு என்பது தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய வஸ்து என்று நாற்பத்து மூன்று வயது வரையில் எனக்குத் தோன்றியதே இல்லை.

சென்னைக்கு வீட்டுப் பஞ்சம் புதிதன்று. நகரத்தின் நெருக்கடியைத் தீர்ப்பதற்காகத்தான் 1920-க்குப் பிந்திய ஆண்டுகளில் மாம்பலத்தில் தியாகராய நகரம் எழுந்தது. 1942 ஏப்ரலில் ஜப்பானியர் குண்டு வீசப் போகிறார்கள் என்ற பீதியில் ஜனங்கள் திரள் திரளாக ஊரைக் காலி செய்தார்கள். வீடுகள் பூட்டிக் கிடந்தன. வாடகைக்கு வருவார்தாம் இல்லை. பீதி தணிந்ததும் போனவர்கள் திரும்பினார்கள், புதியவர்களும் வந்தார்கள். 1946-லும் 1949-லும் 1960-லும் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்கள் பிறந்தன.

இப்போதுள்ள சட்டம் 2017-ல் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரி 22-ந் தேதி அமலுக்கு வந்தது. வீடு தேடும் அன்பர்கள் அதைச் சற்றேனும் அறிந்திருப்பது நலம். வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகாரியிடம் அதைப் பதிவு செய்யவும் வேண்டும். வேறு விதமாக ஒப்புக்கொண்டாலன்றி, முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேற்படலாகாது. தகராறு வந்தாலும் தண்ணீரையும் மின்சாரத்தையும் வீட்டுக்காரர் நிறுத்தக் கூடாது. ஆனால் நான் ஏறி இறங்கிய வாசல்களில் ஆறு மாதம், பத்து மாதம் என்றே முன்பணம் கேட்டார்கள். "வேறு விதமாக ஒப்புக்கொண்டாலன்றி" என்ற வாசகத்தின் மகிமை அப்போதுதான் எனக்குப் புலப்பட்டது. தலைக்கு மேல் கூரை வேண்டியவன் எதற்குத்தான் ஒப்புக்கொள்ள மாட்டான்?

மே மாத வெயிலில் பத்து நாள் அலைந்ததில் சில பாடங்கள் கற்றேன். சுவரின் வர்ணத்தைப் பார்க்காதீர்கள். குழாயைத் திறந்து பாருங்கள். குழாய்த் தண்ணீரா, ஆழ்துளைக் கிணறா, லாரித் தண்ணீரா என்று விசாரியுங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் தெருவில் எவ்வளவு தண்ணீர் நின்றது என்பதை வீட்டுக்காரரிடம் கேட்பதைவிட எதிர்ச் சாரிப் பெட்டிக் கடைக்காரரிடம் கேட்பது உத்தமம். மின்சார மீட்டர் தனியா, பொதுவா என்று பாருங்கள். முன்பணத்துக்கு ரசீது வாங்காமல் வெளியே வராதீர்கள்.

இவற்றையெல்லாம் பரீட்சித்துத் தேறிய வீடு ஒன்று பதினோராம் நாள் அகப்பட்டது. வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற உத்தியோகஸ்தர்; வெகு மரியாதையானவர். காபி வந்தது.

"சொந்த ஊர் எது, ஸார்?"

சொன்னேன்.

"ஓகோ! அங்கே எந்தத் தெரு?"

அதையும் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. பத்து மாத முன்பணம் அந்த க்ஷணமே ஆறு மாதமாயிற்று. என் அதிர்ஷ்டத்தை மெச்சிக்கொண்டு திரும்பினேன்.

மறுநாள் பள்ளிக்கூட ஆபீசில், என்னைப் போலவே புதிதாக வேலையில் சேர இருந்த கணித ஆசிரியரைச் சந்தித்தேன். எங்கள் ஜில்லாக்காரர், என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். எனக்குள்ள பட்டமே அவருக்கும். வீடு கிடைத்த கதையைப் பெருமையோடு சொன்னேன். விலாசத்தைக் கேட்டவர் சிறிது நேரம் பேசவில்லை.

"போன வாரம் அந்த வீட்டை நானும் பார்த்தேன், ஸார். எந்தத் தெரு என்று என்னையும் கேட்டார். சொன்னேன். வீடு முடிந்துவிட்டது என்றார். எனக்குக் காபி வரவில்லை" என்றார்.

அந்தக் கேள்வியின் பொருள் எனக்குத் தெரியாது என்று சொல்ல மாட்டேன். கிராமத்தில் பிறந்த எவருக்கும் தெரியும். கேட்டபோதே தெரிந்துதான் பதில் சொன்னேன். பதிலுக்குக் கிடைத்த கூலியாக நாலு மாத முன்பணச் சலுகையையும் பெற்றுக்கொண்டேன்.

இரவு ஊருக்குப் போன் செய்து மனைவியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் ஒரே கேள்வி கேட்டாள்: "நாளைக்கு அந்தத் தம்பி நம் வீட்டுக்குச் சாப்பிட வந்தால், வாசலில் நிறுத்தி எந்தத் தெரு என்று கேட்பார்களோ?"

மறுநாள் போய், வீடு வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். காரணத்தையும் சொன்னேன். வீட்டுக்காரருக்குக் கோபம் வரவில்லை, ஆச்சரியந்தான் வந்தது. "உங்களுக்கு என்ன ஸார் நஷ்டம்?" என்றார்.

நஷ்டம் இருக்கத்தான் செய்தது. பள்ளிக்கூடம் திறந்துவிட்டது, என் பெண் மூன்று வாரம் தாமதித்தே வகுப்பில் சேர்ந்தாள். முடிவில் ஆதம்பாக்கத்தில் இரண்டு சிறு அறைகள் கிடைத்தன. தையல் வேலை செய்து பிழைக்கும் அந்த வீட்டு அம்மாள் கேட்டவை இரண்டே கேள்விகள்: "ஐந்தாம் தேதிக்குள் வாடகை வந்துவிடுமா? குழந்தைகள் மாடியில் பந்து அடிப்பார்களா?" இரண்டும் நியாயமான கேள்விகள், இரண்டாவதற்கு என்னால் உறுதி கூற முடியவில்லை.

1950-ல் அமலுக்கு வந்த நம் அரசியல் சாசனத்தின் 17-வது ஷரத்து தீண்டாமையை ஒழித்துவிட்டது. காகிதத்தில் ஒழிந்தது, காபித் தம்ளரோடு நடுக்கூடத்தில் உட்கார்ந்திருக்கிறது. அதை எழுப்பி வெளியே அனுப்ப வேண்டியவர்கள், வீடு கிடைக்காதவர்கள் மட்டும் அல்லர். என்னைப் போல் சுலபமாக வீடு கிடைப்பவர்களுந்தான்.

அந்தக் கணித ஆசிரியர் இன்னும் திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றில் தனியாக இருக்கிறார். மனைவியும் கைக்குழந்தையும் ஊரில் இருக்கிறார்கள். சென்னையில் வீடு வைத்திருக்கும் அன்பர்களே! உங்கள் வாசலுக்கு அவர் வரக்கூடும். வாடகையைக் கேளுங்கள், தேதியைக் கேளுங்கள், பந்தைப் பற்றியும் கேளுங்கள். தெருவைக் கேட்காதீர்கள்.