நோயாளியின் நோன்பும் தொழுகையும்

சர்க்கரை நோயாளிகளுள் சிலர், ரமலான் மாதத்தில் தாம் நோன்பிருப்பதை மருத்துவரிடம் கூறுவதில்லை. கூறினால் தடுத்துவிடுவார் என்னும் அச்சமே காரணம். இன்சுலின் ஊசி நோன்பை முறித்துவிடும் என்றெண்ணித் தாமாகவே நிறுத்திவிடுவோரும் உண்டு. 2001ஆம் ஆண்டு 13 நாடுகளில் நடத்தப்பட்ட எபிடியார் ஆய்வின்படி, இரண்டாம் வகைச் சர்க்கரை நோயுள்ள முஸ்லிம்களில் ஏறத்தாழ 79 விழுக்காட்டினர் குறைந்தது 15 நாட்கள் நோன்பு நோற்றனர். மருத்துவமனையில் சேர்க்க நேரும் அளவுக்குச் சர்க்கரை தாழ்வது, அம்மாதத்தில் அவர்களிடையே 7 மடங்குக்கும் மேல் கூடியிருந்தது.

நோன்பைப் பற்றிப் பேசும் அதே குர்ஆன் வசனங்களே (2:184, 185) நோயாளிக்கு விலக்கும் அளிக்கின்றன. குணமாகக்கூடியவர், விட்ட நோன்பைப் பின்னர் களாவாக நோற்பார். தள்ளாத முதியவரும் தீராத நோயாளியும் ஒரு நோன்புக்கு ஓர் ஏழையின் உணவு என ஃபித்யா கொடுப்பர். அதன் அளவு மத்ஹபுக்கு மத்ஹபு மாறும். சோழபுரம், இராசபாளையம் பகுதியினர் தத்தம் பள்ளிவாசல் இமாமிடம் கேட்டறியலாம்.

ஊசியைப் பற்றிய ஐயத்திற்கும் விடை உண்டு. 1997இல் ஜித்தாவில் கூடிய பன்னாட்டு இஸ்லாமிய ஃபிக்ஹு அகாதெமி, ஊட்டம் தராத ஊசி மருந்து, கண் சொட்டு மருந்து, பரிசோதனைக்கு இரத்தம் எடுத்தல், ஆக்சிஜன் ஆகியவற்றால் நோன்பு முறியாது எனத் தீர்மானித்தது.

தொழுகையிலும் இவ்வாறே. மூல நோயால் வருந்திய இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் காட்டிய வழி: நிற்க இயலாவிடில் உட்கார்ந்து, அதுவும் இயலாவிடில் ஒருக்களித்துப் படுத்துத் தொழுவது. தண்ணீர் தீங்கு செய்யுமெனில் ஒளூவுக்கு மாற்றாகத் தயம்மும் போதும். காயக்கட்டை அவிழ்க்க வேண்டியதில்லை. அதன்மேல் ஈரக் கையால் தடவலாம்.

உடனிருப்போர் ஒரு நிகழ்வை அறிந்திருப்பது நன்று. அபூதாவூது தொகுப்பில் உள்ளது அது. பயணத்தில் தலையில் காயமுற்ற ஒருவருக்குக் குளிப்புக் கடமையாயிற்று. தயம்மும் செய்யலாமா எனக் கேட்டார். தண்ணீர் இருக்கையில் கூடாது என்றனர் தோழர்கள். குளித்தார், இறந்தார். செய்தியறிந்த நபிகளார், தாங்கள் அறியாததைக் கேட்டறியாமல் அவரைக் கொன்றுவிட்டார்கள் எனக் கடிந்துகொண்டார்கள்.

நோன்பிருக்க விரும்பும் சர்க்கரை நோயாளி, ரமலானுக்கு ஆறு வாரம் முன்பே மருத்துவரைக் காண வேண்டும். மருந்தின் அளவையும் வேளையையும் சஹருக்கும் இஃப்தாருக்கும் ஏற்ப மாற்றியமைக்க அவகாசம் தேவை. சர்க்கரை 70க்குக் கீழ் இறங்கினால், மஃக்ரிபுக்குச் சில நிமிடங்களே இருப்பினும் உடனே நோன்பை விட்டுவிட வேண்டும்.