பிள்ளையை மட்டும் ஒப்படைத்தால் போதுமா?

 

அறுவடை முடிந்தால் நம் ஊரில் வேலை இல்லை. கட்டட வேலைக்குப் பெங்களூர், பனியன் கம்பெனிக்குத் திருப்பூர், இன்னும் செங்கல் சூளை, கரும்பு வெட்டு என்று புருஷனும் பெண்சாதியுமாகப் புறப்படுகிறீர்கள். பிள்ளை மட்டும் ஊரில், பாட்டி தாத்தாவிடம். "எங்கம்மா பாத்துக்கும்" என்ற ஒரே வார்த்தையில் பொறுப்பு கைமாறிவிடுகிறது.

பாட்டியின் அன்பில் குறை ஒன்றும் இல்லை. உங்களை வளர்த்து ஆளாக்கிய கைதானே அது! ஆனால் அன்று அவருக்கு வயது 25. இன்று 60. இடுப்பில் வலி, கண்ணில் மங்கல். அந்தக் கைக்குத் துணை வேண்டாமா?

நான் நேரில் கண்டது

சில ஆண்டுகளுக்கு முன் கிராம சுகாதார செவிலியருடன் ஒரு வீட்டுக்குப் போனேன். 15 மாதப் பிள்ளைக்கு இரண்டு நாளாகப் பேதி. கண் குழி விழுந்து, அழக்கூடத் தெம்பில்லை. "பல்லு மொளைக்குது, அதான்" என்றார் பாட்டி. தண்ணீர் கொடுத்தால் பேதி கூடும் என்று பயந்து அதையும் நிறுத்தியிருந்தார். தடுப்பூசி அட்டை எங்கே என்றால், "மருமவ எடுத்துட்டுப் போயிட்டாம்மா." ஏன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகவில்லை? "மவனைக் கேக்காம எப்படிம்மா தூக்கிட்டுப் போறது? போன் போட்டா எடுக்கலை."

உப்பு-சர்க்கரைக் கரைசல் கொடுத்துக்கொண்டே பிள்ளையை மருத்துவமனையில் சேர்த்தோம். பிழைத்துக்கொண்டது. வழியெல்லாம் அந்தத் தாயார், "ஏதாச்சும் ஆயிருந்தா என் மவன் மொகத்துல எப்படி முழிப்பேன்?" என்று அழுதுகொண்டே வந்தார்.

தவறு அவருடையதா? இல்லை. பிள்ளையை ஒப்படைத்தவர்கள் வேறு எதையும் ஒப்படைக்கவில்லை. ஆகவே, பஸ் ஏறுமுன் கீழ்க்கண்டவற்றையும் பாட்டி கையில் கொடுத்துவிட்டுப் போங்கள்.

1. அட்டை

தடுப்பூசி அட்டை பிள்ளை இருக்கும் வீட்டில்தான் இருக்க வேண்டும். 9 மாதம் முடிந்ததும் தட்டம்மை-ரூபெல்லா ஊசி. 16 முதல் 24 மாதத்துக்குள் அதன் இரண்டாம் தவணையும் முத்தடுப்பு ஊசியின் ஊக்கத் தவணையும். 5 வயதுக்கு மேல் மறுபடி ஒரு முத்தடுப்பு ஊசி. வைட்டமின் ஏ திரவம் 9 மாதத்தில் தொடங்கி, 5 வயது வரை 6 மாதத்துக்கு ஒரு முறை. அடுத்த ஊசி என்றைக்கு என்று செவிலியரிடம் கேட்டு, காலண்டரில் வட்டம் போட்டுக் காட்டுங்கள்.

2. ஆகாரம்

முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டுமே. அதன்பின் மசித்த உணவோடு 2 வயது வரை தாய்ப்பாலும் தேவை. ஆகவே பால் குடிக்கும் பிள்ளையைக் கூடியவரை உங்களுடனேயே வைத்துக்கொள்ளுங்கள். ஊரில் இருக்கும் பிள்ளையின் பெயரை அங்கன்வாடியில் பதியுங்கள். 6 மாதம் முதல் 6 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு அங்கே சத்துணவு உண்டு. எடையும் பார்ப்பார்கள்.

3. உப்பு-சர்க்கரைப் பொட்டலம்

ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இரண்டு எப்போதும் வீட்டில் இருக்கட்டும். பெரிய பொட்டலம் என்றால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் முழுவதையும் கரைக்க வேண்டும். 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. பேதியில் தண்ணீரை நிறுத்துவதுதான் ஆபத்து. செவிலியர் தரும் துத்தநாக மாத்திரையைப் பேதி நின்றாலும் 14 நாள் கொடுக்க வேண்டும். இதை ஒரு தடவை பாட்டியையே கரைக்கச் சொல்லிப் பாருங்கள்.

4. உத்தரவு

இதுதான் முக்கியம். "புள்ளைக்கு முடியலைன்னா என்னைக் கேக்க வேணாம்மா, ஒடனே தூக்கிட்டுப் போ" என்று வாய் திறந்து சொல்லுங்கள். பால், தண்ணீர் குடிக்காமை, வலிப்பு, நினைவு மங்கல், மூச்சு வாங்கி நெஞ்சு உள்ளிழுத்தல், மலத்தில் ரத்தம் - இவற்றில் ஒன்று கண்டாலும் தாமதம் கூடாது. 108 எண்ணுக்குச் சொன்னால் வண்டி வரும்.

5. பணமும் காகிதமும்

மாதா மாதம் பணம் அனுப்புங்கள். பிறப்புச் சான்று, ஆதார், ரேஷன் கார்டு ஆகியவற்றின் நகல் வீட்டில் இருக்கட்டும்.

6. பாட்டியின் மாத்திரை

பேரனுக்கு ஓடி ஓடிப் பார்ப்பவர் தன் ரத்தக்கொதிப்பு, சர்க்கரை மாத்திரையை மறந்துவிடுவார். அவர் படுத்துவிட்டால் பிள்ளைக்கு யார்? போன் பேசும்போது "மாத்திரை போட்டியாம்மா?" என்று முதலில் கேளுங்கள். அப்புறம் பிள்ளையிடம் பேசுங்கள்.

பெற்றோர் இல்லாத பிள்ளைகள்

தாய் தந்தையை இழந்து தாத்தா பாட்டியிடமோ, சித்தியிடமோ, தாய்மாமனிடமோ வளரும் பிள்ளைகளும் நம் ஊரில் உண்டு. 2022-இல் வந்த மிஷன் வாத்சல்யா வழிகாட்டு நெறிகளில் இப்படிப்பட்ட பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் உதவிக்கு இடம் உண்டு. கிராமத்தில் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 72,000 ரூபாய்க்கு மேற்படக் கூடாது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் மனுக் கொடுக்க வேண்டும். வளர்ப்பவருக்கு எழுதத் தெரியாவிட்டால் அக்கம்பக்கத்தார் எழுதிக் கொடுங்கள். புண்ணியம் உண்டு. பிள்ளைக்குத் துன்பம் என்றால் 1098 எண்ணில் சொல்லலாம்.

கடைசியாக ஒன்று. ஒரு பிள்ளைக்கும் அடுத்த பிள்ளைக்கும் 3 வருடமாவது இடைவெளி விடுங்கள். தாயின் உடம்புக்கு நல்லது. பாட்டியின் இடுப்புக்கும் நல்லது! அதற்கான வழிகளைச் செவிலியரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்.

பாட்டி வளர்க்கட்டும். அவருக்குப் பக்கபலமாக நாம் இருப்போம்.