கோடிங் தெரியாத பயாலஜி மாணவர்கள் பயோஇன்ஃபர்மேட்டிக்ஸில் பிஎச்.டி பண்ண முடியுமா? உதவித்தொகை எவ்வளவு? - முழு விவரம்

2024-ம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசு, கணினி மூலம் புதிய புரதங்களை வடிவமைத்த டேவிட் பேக்கருக்கும், ஏஐ மூலம் புரதத்தின் வடிவத்தைக் கணித்த டெமிஸ் ஹசாபிஸ், ஜான் ஜம்பருக்கும் வழங்கப்பட்டது. கணினி உயிரியல், பயோஇன்ஃபர்மேட்டிக்ஸ் எனப்படும் இந்தத் துறையில் பிஎச்.டி செய்வது எப்படி?

அப்படி என்ன படிப்பு இது?

மனித டிஎன்ஏவில் சுமார் 300 கோடி எழுத்துகள் உள்ளன. ‘ஜீனோம் இந்தியா’ திட்டத்தில் 10 ஆயிரம் பேரின் டிஎன்ஏ வரிசைப்படுத்தப்பட்டுள்ளது. இதையெல்லாம் உட்கார்ந்து படிக்க முடியுமா? ப்ரோகிராம் எழுதி, புள்ளியியல் உதவியுடன் படிப்பதுதான் இந்தத் துறை.

யார் சேரலாம்?

யுஜிசியின் 2022 விதிகளின்படி முதுகலையில் 55 சதவீதம் அல்லது 4 ஆண்டு இளநிலைப் படிப்பில் 75 சதவீத மதிப்பெண் வேண்டும். எஸ்சி, எஸ்டி, ஓபிசி உள்ளிட்ட பிரிவினருக்கு 5 சதவீதம் தளர்வு உண்டு. சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்திலேயே கணினி உயிரியலில் பிஎச்.டி செய்யலாம்.

பணம் வருமா?

நெட் தேர்வில் ஜேஆர்எஃப் பெற்றால் முதல் 2 ஆண்டுகள் மாதம் ரூ.37,000. பிறகு மதிப்பீட்டில் தேறினால் ரூ.42,000. மொத்தம் 5 ஆண்டுகள். ஆனால், ‘பிஎச்.டி சேர்க்கைக்கு மட்டும்’ என்று தகுதி பெற்றால் இந்த உதவித்தொகை கிடையாது. அந்த மதிப்பெண்ணும் ஓராண்டுக்குத்தான் செல்லும். ரிசல்ட்டில் எந்தப் பிரிவு என்று பார்த்துக்கோங்க.

கோடிங் தெரியாதே, என்ன செய்வது?

பைத்தான், ஆர் போன்றவற்றை ஆரம்பத்தில் இருந்தே கற்றுக்கொள்ளலாம். உண்மையான சவால் புள்ளியியல்தான். உதாரணமாக, 20 ஆயிரம் மரபணுக்களில் ஒரு நோயுடன் தொடர்புடையவற்றைத் தேடுகிறீர்கள். தவறு நேர 5 சதவீத வாய்ப்பு என்று வைத்தால், தொடர்பே இல்லாவிட்டாலும் சுமார் ஆயிரம் மரபணுக்கள் ‘தொடர்புண்டு’ எனக் காட்டும். இதைத் திருத்தத் தெரியாவிட்டால் பல வருட உழைப்பு வீண்.

சின்ன விஷயமும் காலை வாரும். ‘மார்ச்1’ என்ற மரபணுவின் பெயரை எக்செல் தேதியாக மாற்றிவிடும். இந்தத் தொல்லையால் 2020-ல் அந்த மரபணுவின் பெயரையே ‘மார்ச்எஃப்1’ என மாற்றிவிட்டார்கள்.

சேரும் முன் கைடிடம் கேட்க வேண்டியவை

• ஆய்வுக்கான தரவு கையில் இருக்கிறதா, இனிமேல்தான் வர வேண்டுமா? வேறு ஆய்வகத்தின் தரவுக்காகக் காத்திருந்தாலும் உதவித்தொகைக் காலம் ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

• கணிப்பைச் சோதித்துப் பார்க்க ஆய்வகம் உண்டா?

• பெரிய தரவை இயக்க சர்வர் வசதி உண்டா?

• முன்பு சேர்ந்தவர்கள் எத்தனை ஆண்டுகளில் முடித்தார்கள்? யுஜிசி விதிப்படி குறைந்தது 3, அதிகபட்சம் 6 ஆண்டுகள். கடைசிக் கேள்வியை அங்கே படிக்கும் சீனியர்களிடமும் கேட்பது நல்லது.