இருபக்க அலகுச் சவரக்கருவி: பழைய, புதிய வகைகளின் ஒப்பீடு

இருபக்க அலகுச் சவரக்கருவி என்பது இரு விளிம்புகளிலும் கூர் தீட்டப்பட்ட மெல்லிய எஃகு அலகு ஒன்றை உலோகத் தலைப்பகுதிக்குள் பொருத்தி முகமயிரை மழிக்க உதவும் கருவியாகும். அலகின் கூர்விளிம்பு சிறிதளவு மட்டுமே வெளியே தெரிவதாலும், அதன் அருகே காப்புப் பட்டை ஒன்று இருப்பதாலும் தோல் ஆழமாக வெட்டுப்படும் வாய்ப்பு குறைகிறது. ஆகவே இது பாதுகாப்புச் சவரக்கருவி எனவும் அழைக்கப்படுகிறது. தமிழ்நாட்டுப் பேச்சு வழக்கில் இக்கருவி ரேசர் அல்லது ஷேவிங் செட் என்றும், அலகு பிளேடு என்றும் வழங்கப்படுகின்றன.

இக்கட்டுரையில், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் 1970கள் வரை செய்யப்பட்டவை பழைய வகை எனவும், அதன் பின்னர் செய்யப்பட்டவை புதிய வகை எனவும் கொள்ளப்படுகின்றன. பழையவையே தரமானவை, நீடித்து உழைப்பவை என்ற கருத்து பரவலாக உள்ளது. இது ஓரளவுக்கே பொருந்தும். கருவியின் ஆயுளைத் தீர்மானிப்பது அது செய்யப்பட்ட காலம் அன்று. செய்யப்பட்ட உலோகம், மேற்பூச்சு, இணைப்பு முறை, பயன்படுத்தப்படும் நீர் ஆகியவையே ஆகும்.

வரலாறு

பாதுகாப்புச் சவரக்கருவிக்கு முன்னர் மடக்குக் கத்தியே வழக்கில் இருந்தது. அதன் தரம் முழுவதும் எஃகின் தரத்தைச் சார்ந்தது. தென்னிந்தியாவில் செய்யப்பட்ட ஊட்சு எஃகு இக்காரணத்தால் ஐரோப்பிய அறிவியலாளரின் கவனத்தை ஈர்த்தது. மைக்கேல் பாரடேயும் இலண்டன் கத்தி வினைஞர் ஜேம்சு சுடோடார்ட்டும் 1819 முதல் ஊட்சு எஃகையும் பிற எஃகுக் கலப்புலோகங்களையும் ஆராய்ந்தனர். அவ்வாறு பெறப்பட்ட எஃகுகளிலிருந்து சவரக்கத்திகளும் செய்து பார்க்கப்பட்டன.

அமெரிக்காவைச் சேர்ந்த கிங் கேம்ப் ஜில்லெட், கூர் மழுங்கியதும் எறிந்துவிடக்கூடிய மலிவான மெல்லிய அலகு என்னும் கருத்தை முன்வைத்தார். மெல்லிய எஃகுத் தகட்டைக் கடினப்படுத்திக் கூராக்கும் முறையை வில்லியம் நிக்கர்சன் உருவாக்கினார். 1901இல் பாஸ்டன் நகரில் நிறுவனம் தொடங்கப்பட்டது. விற்பனை தொடங்கிய 1903ஆம் ஆண்டில் 51 கருவிகளும் 168 அலகுகளும் மட்டுமே விற்றன. 1904இல் காப்புரிமை கிடைத்தது. முதலாம் உலகப்போரில் அமெரிக்கப் படைவீரர்களுக்கு இக்கருவி வழங்கப்பட்டதால் தானே சவரம் செய்துகொள்ளும் பழக்கம் விரைவாகப் பரவியது.

முதன்மையான காப்புரிமை 1921இல் காலாவதியானது. 1938இல் 'டெக்' என்னும் மூன்று துண்டுக் கருவியும், 1947இல் பிடியின் அடியைத் திருகினால் தலை திறந்துகொள்ளும் 'சூப்பர் ஸ்பீடு' கருவியும், 1958இல் வெட்டின் அளவை மாற்றியமைக்கக்கூடிய கருவியும் ஜில்லெட் நிறுவனத்தால் வெளியிடப்பட்டன. 1960களின் தொடக்கத்தில் வில்கின்சன் சுவார்டு நிறுவனத்தின் துருப்பிடிக்கா எஃகு அலகு பெரும் வரவேற்பைப் பெற்றது. 1971இல் இரட்டை அலகுப் பொதியுறை கொண்ட 'டிராக் 2' வந்தபின், மேலைநாடுகளில் இருபக்க அலகுக் கருவியின் பயன்பாடு படிப்படியாகக் குறைந்தது.

இந்தியாவில்

இந்தியாவில் இருபக்க அலகு நெடுங்காலம் முதன்மையான சவர அலகாக விளங்கியது. மல்கோத்ரா குடும்பத்தாரின் நிறுவனங்கள் டோபாஸ், சூப்பர்-மேக்ஸ் முதலிய பெயர்களில் அலகுகளைச் செய்து உள்நாட்டிலும் வெளிநாடுகளிலும் விற்றன. 1984இல் தொடங்கப்பட்ட இந்தியன் ஷேவிங் புராடக்ட்ஸ் நிறுவனம் பின்னர் ஜில்லெட் இந்தியா எனப் பெயர் மாறியது. இருபக்க அலகைப் பயன்படுத்துவோரைத் தன் பொதியுறை வகைக்கு ஈர்க்கும் நோக்குடன் 'ஜில்லெட் கார்டு' என்னும் ஒற்றை அலகுக் கருவி 2010இல் இந்தியாவில் வெளியிடப்பட்டது. அப்போது கருவியின் விலை 15 ரூபாயாகவும், மாற்று அலகுப் பொதியுறையின் விலை 5 ரூபாயாகவும் இருந்தன.

முடிதிருத்தகங்களிலும் இருபக்க அலகே பயன்படுகிறது. அங்கே அலகை நீளவாக்கில் இரண்டாக ஒடித்து, அலகு மாற்றும் கத்தியில் ஒரு பாதியைப் பொருத்துகின்றனர். 1986இல் சென்னையில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலாகக் கண்டறியப்பட்ட பின்னர், ஒவ்வொருவருக்கும் புதிய அலகைப் பயன்படுத்துவதன் தேவை வலியுறுத்தப்பட்டது.

அமைப்பு

மூன்று துண்டுக் கருவியில் மேல்மூடி, அடித்தட்டு, பிடி ஆகியவை உள்ளன. மேல்மூடியிலுள்ள மரையாணி அலகின் துளை வழியாகவும் அடித்தட்டின் வழியாகவும் சென்று பிடிக்குள் இறுகுகிறது. அசையும் உறுப்புகள் இல்லாததால் இவ்வகையே எளிமையானதும் பழுது குறைந்ததும் ஆகும். இருகதவு வகையில் பிடியைத் திருகும்போது இரண்டு கதவுகள் திறக்கின்றன. பயன்படுத்த வசதியானது எனினும், கதவுகள் வளைந்தாலோ அச்சு தேய்ந்தாலோ அலகு நேராக நிற்பதில்லை. வெட்டின் அளவை மாற்றும் வகையில் உறுப்புகள் மேலும் அதிகம்.

அலகின் வடிவம் ஏறத்தாழ மாறாமல் இருப்பது இக்கருவியின் சிறப்பு. 1930களில் நடுவில் நீண்ட துளையுடன் நிலைபெற்ற வடிவமே இன்றும் தொடர்கிறது. ஆகவே நூறாண்டு பழமையான ஒரு கருவியிலும் இன்று கடையில் வாங்கும் அலகைப் பெரும்பாலும் பொருத்த முடியும். பொதியுறை வகைக் கருவிகளுக்கு இது பொருந்தாது. அவற்றின் பிடி உடையாமல் இருந்தாலும், உரிய பொதியுறையின் உற்பத்தி நின்றால் கருவி பயனற்றதாகிவிடும்.

செய்பொருள்

பித்தளை: பழைய கருவிகள் பெரும்பாலும் பித்தளையால் ஆனவை. பித்தளை என்பது செம்பும் நாகமும் (துத்தநாகம்) சேர்ந்த கலப்புலோகம். பித்தளைத் தகட்டை அச்சில் அழுத்தியும், குழாயையும் தண்டையும் கடைந்தும் உறுப்புகள் செய்யப்பட்டன. மேலே நிக்கல், வெள்ளி அல்லது பொன் முலாம் பூசப்பட்டது. முலாம் தேய்ந்தாலும் அடியிலுள்ள பித்தளை மெதுவாகவே அரிக்கப்படும். மீண்டும் முலாம் பூசவும் இயலும்.

நாகக் கலப்புலோகம்: இன்று நடுத்தர விலையில் கிடைக்கும் பல கருவிகளின் தலைப்பகுதி 'சாமாக்' எனப்படும் கலப்புலோகத்தை அச்சில் வார்த்துச் செய்யப்படுகிறது. நாகத்துடன் ஏறத்தாழ 4% அலுமினியமும் சிறிதளவு மக்னீசியமும் செம்பும் சேர்ந்த இது 1929இல் அமெரிக்காவில் உருவாக்கப்பட்டது. நாகம், அலுமினியம், மக்னீசியம், செம்பு ஆகியவற்றின் செருமானியப் பெயர்களின் முதலெழுத்துகளே இதன் பெயராயின. ஏறத்தாழ 385 பாகை செல்சியசில் உருகுவதால் நுட்பமான வடிவங்களை மலிவாகவும் துல்லியமாகவும் வார்க்கலாம். செருமனியின் மெர்க்கூர், மியூலே நிறுவனங்களின் பல கருவிகள் இவ்வகையின. குரோமியப் பூச்சு சிதையாத வரை இவை நன்கு உழைக்கும். பூச்சில் கீறல் விழுந்தால் அடியிலுள்ள நாகம் விரைந்து அரிக்கப்பட்டுக் குழிகள் தோன்றும். மேல்மூடியின் மரையாணி இதன் வலுக்குறைந்த இடம். அளவுக்கு மீறி இறுக்கினாலும், தரையில் விழுந்தாலும் அது முறியக்கூடும்.

துருப்பிடிக்கா எஃகு: 2000களுக்குப் பின் முழுவதும் துருப்பிடிக்கா எஃகால் ஆன கருவிகள் பெருகின. கணினிக் கட்டுப்பாட்டில் கடைந்தோ, உலோகத்தூளை அச்சில் செலுத்திச் சூடேற்றி இறுகச் செய்தோ இவை ஆக்கப்படுகின்றன. இவற்றில் பயன்படும் 316எல் எஃகில் 16 முதல் 18% குரோமியமும், 10 முதல் 14% நிக்கலும், 2 முதல் 3% மாலிப்டினமும் உள்ளன. அரிப்பைத் தாங்கும் ஆற்றல் உலோகம் முழுவதிலும் இருப்பதால் இதற்கு முலாம் தேவையில்லை. நீடித்துழைப்பதில் பழைய பித்தளைக் கருவியை இது விஞ்சக்கூடியது; விலை அதிகம் என்பதே குறை.

பழைய கருவிகளின் குறைபாடுகள்

இன்று நம் கைக்கு வரும் பழைய கருவிகள் தப்பிப் பிழைத்தவை. முறிந்தவையும் வளைந்தவையும் எப்போதோ பழைய பாத்திரத்துடன் எடைக்குப் போடப்பட்டுவிட்டன. ஆகவே எஞ்சியவற்றை மட்டும் பார்த்து அக்காலத்துப் பொருள்கள் அனைத்தும் உறுதியானவை என முடிவு செய்வது பிழையாகும்.

தொடக்ககால ஜில்லெட் கருவிகளின் மெல்லிய குழாய்ப் பிடிகளில் நீளவாக்கில் விரிசல் காணப்படுவது இதற்குச் சான்று. பித்தளையை இழுத்து வடிவமைக்கும்போது அதனுள் தகைவு தங்கிவிடுகிறது. பின்னாளில் ஈரமும் அம்மோனியாவும் சேர்ந்தால் அத்தகைய பித்தளை வெடிக்கும். பிரித்தானிய இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை இலாயங்களுக்கு அருகே வைக்கப்பட்ட பித்தளைத் தோட்டா உறைகள் இவ்வாறு வெடித்தது உலோகவியலில் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. இதன் காரணம் 1921இல் விளக்கப்பட்டது. எனவே பழைய கருவிகளை அம்மோனியா கலந்த துப்புரவு நீர்மங்களால் கழுவுவது கூடாது.

அலகின் பங்கு

சவரத்தின் தரத்தைக் கருவியைவிட அலகே அதிகம் தீர்மானிக்கிறது. அலகு ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர் தடிப்புடையது. இக்கால அலகுகள் ஏறத்தாழ 13% குரோமியம் கொண்ட, வெப்பப் பதனிட்ட எஃகால் செய்யப்பட்டு, விளிம்பில் மிக மெல்லிய பூச்சுகள் இடப்படுகின்றன. பழைய கரி எஃகு அலகுகள் ஈரத்தில் விரைவில் துருப்பிடித்தன. இவ்வகையில் புதிய காலத்தின் மேம்பாடு ஐயத்துக்கு இடமற்றது.

மயிரைவிட எஃகு ஏறத்தாழ 50 மடங்கு கடினமானது. ஆயினும் அலகு மழுங்குகிறது. இதன் காரணத்தை அமெரிக்காவின் மாசாச்சுசெட்ஸ் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் 2020இல் 'சயன்ஸ்' இதழில் விளக்கினர். மயிர் குறிப்பிட்ட கோணத்தில் வளையும்போது, எஃகின் நுண்கட்டமைப்பு சீரற்று இருக்கும் இடங்களில் விளிம்பு சிறு சில்லுகளாகப் பெயர்கிறது. பழைய கருவியானாலும் புதிய கருவியானாலும், மழுங்கிய அலகு தோலை இழுத்து எரிச்சலை உண்டாக்கும்.

நீரும் பராமரிப்பும்

கருவி எவ்வூரில் பயன்படுகிறது என்பதும் அதன் ஆயுளைப் பாதிக்கும். கள்ளக்குறிச்சி மாவட்டத்தை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். விழுப்புரம் மாவட்டத்திலிருந்து 2019இல் பிரிக்கப்பட்ட இம்மாவட்டத்தின் பெரும்பகுதி கடும்பாறை நிலமாகும். இத்தகைய நிலங்களின் ஆழ்துளைக் கிணற்று நீரில் கால்சிய, மக்னீசிய உப்புகள் மிகுந்திருப்பது வழக்கம். கல்வராயன் மலையில் தோன்றும் கோமுகி போன்ற ஆறுகளின் மேற்பகுதியில் ஓடும் நீர், பாறையிடுக்குகளில் நெடுநாள் தங்காததால், பொதுவாக அதைவிட மென்மையானது.

கடின நீரில் சோப்பு நுரைப்பதற்கு மாறாகக் கசடாகத் திரள்கிறது. இக்கசடும் சுண்ணாம்புப் படிவும் மரைகளிலும் கதவு அச்சுகளிலும் தங்கி ஈரத்தைப் பிடித்துவைக்கின்றன. இதனால் இருகதவு வகை இறுகிப்போகும். நாகக் கலப்புலோகத்தின் மரைகளில் அரிப்பு தொடங்கும். எனவே கடின நீர் உள்ள ஊர்களில் மூன்று துண்டு வகையே ஏற்றது. சவரம் முடிந்ததும் மரையைத் தளர்த்திக் கழுவி, ஈரம் போக உலர்த்த வேண்டும். படிவை நீக்க எலுமிச்சைச் சாற்றிலோ வினிகரிலோ நெடுநேரம் ஊறவைப்பது நாகக் கலப்புலோகத்தைக் கெடுக்கும். அதற்கு இளஞ்சூடான சோப்பு நீரும் பழைய பல்துலக்கியும் போதும்.

உலோகத்தை அறியும் முறை

நிக்கல் பூசிய பித்தளையும் குரோமியம் பூசிய நாகக் கலப்புலோகமும் பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றும். பள்ளி ஆய்வகத்திலேயே இவற்றைப் பிரித்தறியலாம். பித்தளையின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 8.5 கிராம், நாகக் கலப்புலோகத்தினுடையது ஏறத்தாழ 6.7 கிராம். அலகை நீக்கியபின், உறுப்பை எடைபோட்டு, அளவுக் குவளையிலுள்ள நீரில் முழுவதும் அமிழ்த்தி, உயரும் நீரின் அளவைக் குறிக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, 34 கிராம் எடையுள்ள உறுப்பு பித்தளையானால் 4 மில்லிலிட்டர் நீரையும், நாகக் கலப்புலோகமானால் 5 மில்லிலிட்டர் நீரையும் இடம்பெயர்க்கும்.

மரையின் உட்புறத்தில் முலாம் தேய்ந்த இடம் மஞ்சளாக இருந்தால் அது பித்தளை; மங்கிய சாம்பல் நிறமானால் நாகக் கலப்புலோகம். உறுப்பு காந்தத்தால் வலுவாக ஈர்க்கப்பட்டால் அது இரும்பு அல்லது சாதாரண எஃகு எனக் கொள்ளலாம். அமெரிக்காவில் 1950களிலும் அதன் பின்னரும் செய்யப்பட்ட பல ஜில்லெட் கருவிகளில், ஆண்டைக் குறிக்கும் எழுத்தும் காலாண்டைக் குறிக்கும் எண்ணும் பொறிக்கப்பட்டுள்ளன.

ஒப்பீட்டுச் சுருக்கம்

* பழைய பித்தளை, மூன்று துண்டு: உறுதியானது, பழுது குறைவு, குழாய்ப் பிடியில் விரிசல் உள்ளதா எனப் பார்க்க வேண்டும்.
* பழைய பித்தளை, இருகதவு: வசதியானது, கதவு வளைவும் அச்சுத் தேய்வும் ஆயுளைக் குறைக்கும்.
* புதிய நாகக் கலப்புலோகம்: துல்லியமானது, விலை குறைந்தது, பூச்சும் மரையாணியும் பழுதுபட்டால் சீர்செய்வது கடினம்.
* புதிய துருப்பிடிக்கா எஃகு: அரிப்பை நன்கு தாங்கும், விலை அதிகம்.

பாதுகாப்பும் கழிவும்

பிறர் பயன்படுத்திய பழைய கருவியை நன்கு கழுவி, கிருமி நீக்கி, புதிய அலகைப் பொருத்தியே பயன்படுத்த வேண்டும். தேய்ந்த அலகு முழுவதும் எஃகு ஆதலால் அதை மறுசுழற்சி செய்ய இயலும். நெகிழியும் எஃகும் பிணைந்த பொதியுறையை அவ்வாறு எளிதில் பிரிக்க முடிவதில்லை. எனினும், அலகைக் குப்பையில் தனியாக எறிந்தால் துப்புரவுப் பணியாளரின் கையைக் கிழிக்கும். மூடியில் சிறு பிளவு இட்ட தகர டப்பாவில் அலகுகளைச் சேர்த்துவைத்து, நிறைந்ததும் மூடி ஒட்டி, உள்ளே அலகு உள்ளது எனக் கூறி ஒப்படைப்பது பாதுகாப்பானது.

இவற்றையும் பார்க்க

* எஃகு
* பித்தளை
* மின்முலாம் பூசுதல்
* கடின நீர்