உங்களுக்குத் தெரியுமா? – சங்கிலியில் ஏறுவது முத்திரை மாத்திரமே

கிளிநொச்சியிலும் மாஞ்சோலையிலும் வைத்தியசாலை வாசலில் கிளினிக் கொப்பியைப் பொக்கிஷம்போல் ஏந்தி நிற்கும் வன்னி மக்களுள் பலர், 2009இல் முள்ளிவாய்க்கால் வரை இடம்பெயர்ந்தபோது வீட்டோடு பத்திரங்களையும் பறிகொடுத்தவர்களாதலின், ஏட்டின் அருமையை அவர்களுக்கு எவரும் போதிக்க வேண்டியதில்லை. அத்தகைய ஏட்டைக் காக்கும் வழியென இன்று பெரிதும் பேசப்படும் புளொக்செயின் என்னும் சங்கிலியேட்டை, 2016 முதல் நோயாளர் பதிவுகளின் காவலுக்குப் பிரயோகித்துவரும் எஸ்தோனியா தேசத்தில், நோயின் விவரம் அச்சங்கிலியில் எழுதப்படுவதேயில்லை. பதிவின் கணித முத்திரை மாத்திரமே அதில் ஏறுகிறது. மூலப் பதிவில் ஓர் எழுத்தை எவரேனும் இரகசியமாக மாற்றினும் முத்திரை பொருந்தாமற் போய்விடும். (அழிக்கவொண்ணாத ஏட்டில் அந்தரங்கத்தை எழுதாமை விவேகமே.) ஆயினும், தொலைந்த பதிவை அம்முத்திரையால் மீட்டல் இயலாது. அந்தரங்கத்தைப் பொறுத்தவரை, இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், சுகாதாரத் தரவை விசேட வகையுள் வைத்திருக்கிறது.